சாவிக்காரர் இல்லாத வீடு

அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள், மேடம். வேறொன்றுமில்லை, காற்றுக்காகத்தான். மின்விசிறிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். என் தொழிலிலும் இப்படித்தான். எதிரே ஒருவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். இன்றைக்கு நாற்காலி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் ஆன்ஸ்லின். நாகர்கோவிலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சிறிய வியாபாரங்களுக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கிறேன். அரிசி மண்டி, ஸ்கேன் சென்டர், கல்யாண மண்டபம், இப்படி. புரோகிராம் எழுதுவதைவிட அதற்கு முந்தின வேலைதான் எனக்குப் பிடித்தது. முதலாளியை எதிரே உட்கார வைத்து அவருடைய தொழிலின் விதிகளை அவர் வாயாலேயே கேட்டு வாங்க வேண்டும். எதற்கும் எதற்கும் தொடர்பு, ஒன்றுக்கு எத்தனை. அது தெரிந்தால்தான் டேட்டாபேஸ் நிற்கும்.

இதை உங்களுக்கு விளக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததை நீங்கள் கோபத்தில் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்குக் கோபம் வராது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு பெட்டி வரைவோம். ஒன்று விவசாயி, ஒன்று பூக்கடை என்று வையுங்கள். நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஒரு முனையில் நின்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் அதிகபட்சம் எத்தனை பேர்? குறைந்தபட்சம் எத்தனை பேர்? பிறகு மறுமுனைக்குப் போய் நின்று அதே இரண்டு கேள்வி. பல என்றால் காக்கைக்கால் மாதிரி மூன்று விரல் வரைவோம். ஒன்று கட்டாயம் என்றால் குறுக்கே ஒரு சிறு கோடு. இல்லாமலும் இருக்கலாம் என்றால் ஒரு சின்ன வட்டம். முழு வித்தையும் இவ்வளவுதான், கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க இழுப்பார்கள்.

கஷ்டம் வரைவதில் இல்லை, கேட்பதில்தான். ஜனங்கள் விதியைச் சொல்லும்போது தாங்கள் செய்வதைச் சொல்வதில்லை, செய்ய வேண்டியதைச் சொல்வார்கள். தோவாளையில் ஒரு பூ வியாபாரி, ஒரு விவசாயி ஒரே கடைக்குத்தான் பூ போடுவார், வேறு கடை வாசலை மிதிக்க மாட்டார் என்று அடித்துச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, "என்னைக்காவது?" என்று மட்டும் கேட்டேன். சாயா குடித்து முடிப்பதற்குள், "போன ஓணத்துக்கு மட்டும் ரெண்டு கடைக்கு போட்டாம்" என்று இறங்கி வந்தார். ‘என்றைக்காவது’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் பிழைப்பே நடக்கிறது. அதைக் கேட்க மறந்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது.

குமாரதாஸைத் தெரிந்திருக்கும் உங்களுக்கு. பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்கிற தொழில் செய்கிறவர். நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? கட்டியவர்கள் கனடாவிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். வீடு மட்டும் பெயின்ட் அடித்துக்கொண்டு இங்கே நிற்கிறது. குமாரதாஸின் ஆட்கள் மாதம் ஒருமுறை போய்த் திறந்து, கூட்டி, குழாயைத் திருகிப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அந்த ஆட்களுக்குச் சாவிக்காரர் என்று பெயர். தொழில் பெருகவும், போனிலேயே எல்லாம் வருகிற மாதிரி ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை சாவிக்காரங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்தான் சார். ரெண்டு பேருட்ட குடுத்தா ரெண்டு பேரும் போவமாட்டான். இவன் போயிருப்பாம்னு அவன், அவன் போயிருப்பாம்னு இவன்."

இதைவிட நல்ல விதியை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"ஒரு சாவிக்காரரும் இல்லாம ஒரு வீடு இருக்குமா?"

"எப்பிடி இருக்கும்?" என்றார். பிறகு கையிலிருந்த சாவியால் காதைக் குடைந்துகொண்டே யோசித்தார். "இருக்கும். ஆளு நிண்ணு போனாம்னா, அடுத்தாளு வாறது வர கெடக்கும்."

"அதை யார் கவனிப்பா?"

"அது நமக்கு ஓர்ம இருக்கும்லா."

ஆக, வீட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால், அதிகபட்சம் ஒரு சாவிக்காரர். குறைந்தபட்சம் பூஜ்யம். வட்டம் போட்டேன். அதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு சாவிக்காரர் போனிலும் அவரவர் வீடுகள் மட்டும் வரும். சாவிக்காரரே இல்லாத வீடு யார் போனிலும் வராது. வீடு இருக்கும், பெயர் இருக்கும், ஆனால் யார் கண்ணிலும் படாது. இது ஆபத்து என்று எனக்கு உடனே தெரிந்தது. அப்படி ஒரு வீடு வந்தால் குமாரதாஸின் திரையில் சிவப்பு எச்சரிக்கை எரிகிற மாதிரி செய்து கொடுத்தேன். பொறுப்பாகத்தான் செய்தேன். சாப்ட்வேர் வந்த பிறகு குமாரதாஸ் எதையும் ஓர்மையில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். எல்லாம் போனில் வரும்லா என்பார்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் மூன்று ஆண்மக்கள். நான் மூத்தவன். அடுத்தவன் சுபின், தோவாளையில் வீடு, பள்ளிக்கூட வாத்தியார். கடைசி சிஜின், மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை. அப்பா போன பிறகு போதகர் முன்னால் உட்கார்ந்து, அம்மாவை மாதம் ஒருவர் வைத்துக்கொள்வது என்று முறை பேசினோம். என் மாதம், சுபின் மாதம், சிஜின் மாதம், மறுபடி என் மாதம். ஒன்றாம் தேதி அம்மா கைமாறுவாள். ஊரில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

சுபினும் சிஜினும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவின் கல்லறைக் கல்லில் மக்கள் பெயரோடு மருமக்கள் பெயரும் வெட்டியபோது சிஜின் மனைவியின் பெயர் விட்டுப்போயிற்று. கல் வெட்டக் கொடுத்தது சுபின். மறதியா, வேண்டுமென்றா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. அதன் பிறகு அவன் இருக்கும் பந்தியில் இவன் உட்கார மாட்டான். ஆகையால் எல்லாம் என் வழியாகத்தான். சுபின் வீட்டிலிருந்து அம்மாவை நான்தான் போய் அழைத்து, சிஜின் வீட்டில் கொண்டு விடுவேன். "அம்மை எப்படி இருக்கா?" என்று அவனும் என்னிடம் கேட்பான், இவனும் என்னிடம் கேட்பான். எங்கள் டேட்டாபேஸ்களில் நடுவில் ஒரு டேபிள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காது, நடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். எங்கள் குடும்பத்தில் அது நான்.

அம்மா பெயர் நேசபாய். மிஷன் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். பிள்ளைகளின் அறைக்குள் தட்டாமல் நுழையக் கூடாது என்று தனக்கே ஒரு சட்டம் வைத்திருந்தாள். எங்கள் வீட்டிலும் அதே சட்டம். எந்தக் கதவானாலும் மூன்று தட்டு தட்டிவிட்டு, உள்ளேயிருந்து "வா" என்று சத்தம் வரும்வரை நிற்பாள். சத்தமாகத் தட்ட மாட்டாள். மரியாதையாகத் தட்டுவாள்.

ஓர்மை தப்பத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் பெயர் போயிற்று, வருஷம் போயிற்று, சாப்பிட்டோமா என்பது போயிற்று, தட்டுவது நின்றது. அதாவது, நிலைத்தது. நான் குளித்துக்கொண்டிருப்பேன், கதவில் மூன்று தட்டு. நான் "வா" சொல்ல முடியாதே. அவள் அங்கேயே நிற்பாள். நான் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது கதவுக்கு ஒரு சாண் தள்ளி அவள் முகம் இருக்கும். சிரிப்பாள். "நீ ஆரு மக்கா?" என்பாள்.

எனக்குப் பயமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பெற்ற தாயிடம் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மத்தியானம் அவள் பீரோ கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "அப்பா உள்ள இருக்காரு. வரச் சொல்ல மாட்டேங்காரு" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பீரோவை நான் தனியாகத் திறந்ததில்லை. அலுவலகத்தில் யாராவது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் கொடுக்காமல் நானே எழுந்து போய்த் திறப்பேன். என் தம்பிமார் வீட்டில் அவள் இருக்கிற இரண்டு மாதமும், அவள் திரும்பி வரும் ஒன்றாம் தேதியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நூறு தாண்டுவார்கள் என்று என்னிடம் கைகொடுத்தார். இந்த முறைக்கு முடிவு என்று ஒன்றை யாருமே பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒருநாள் அலுவலகத்தில் வேலை இல்லாத நேரம். கை சும்மா இருக்காமல் இரண்டு பெட்டி வரைந்தேன். ஒன்றில் அம்மா, ஒன்றில் மகன். நடுவே கோடு.

மகனின் முனையில் நின்று கேட்டேன். ஒரு மகனிடம் அதிகபட்சம் எத்தனை அம்மா இருக்கலாம்? ஒன்று. குறைந்தபட்சம்? பூஜ்யம். அவன் மாதம் இல்லாதபோது இல்லைதானே. வட்டம். அம்மாவின் முனைக்குப் போனேன். ஒரு சமயத்தில் அம்மா அதிகபட்சம் எத்தனை மகனிடம் இருக்கலாம்? ஒன்று. குறைந்தபட்சம்?

ஒன்று என்று போடத்தான் கை போனது. ஊர் அதைத்தான் சொல்லும். ஆனால் நான் தொழில் தெரிந்தவன். இந்த விதியை யார் காவல் காக்கிறார்கள் என்று கேட்டேன். சுபின், அம்மா சிஜினிடம் இருப்பதாக நினைப்பான். சிஜின், சுபினிடம் இருப்பதாக நினைப்பான். ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள். இவன் போயிருப்பான் என்று அவன், அவன் போயிருப்பான் என்று இவன். எனக்குக் குமாரதாஸின் குரலே கேட்டது. அந்த முனையிலும் வட்டம் போட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தோவாளையிலிருந்து பூதப்பாண்டி போகிற பக்கம், வயலுக்கு நடுவே ஒரு வீடு இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர் கனடாவில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில், ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி, அதற்குமேல் ஷட்டர். அந்த வீட்டுச் சாவிக்காரப் பையன் விசா கிடைத்து கத்தாருக்குப் போய்விட்டான். குமாரதாஸின் திரையில் சிவப்பு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. முந்தின வாரம்தான் அந்த எச்சரிக்கையை நான் எடுத்துவிட்டிருந்தேன். ஏதோ வேகம் குறைகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் சாயா வாங்கிக் கொடுத்தார். சாவியில் தொங்கும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று அவருடைய சாவிப் பலகையிலிருந்து நாலைந்து சாவியை எடுத்தேன். மற்றதையெல்லாம் திருப்பி மாட்டிவிட்டேன்.

நான் இதையெல்லாம் திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண வேலை.

என் மாதம் முடிந்தது. அடுத்தது சுபின். நான் சுபினைக் கூப்பிட்டு, "இந்த மாசம் சிஜின் அம்மைய வச்சுக்கிடுகானாம். ஒனக்கு அடுத்த மாசம்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. "சரிண்ணே" என்றான். குரலில் சந்தோஷம் தெரிந்தது. சிஜினிடம், "அம்மை முறைப்படி தோவாளைக்கு போயாச்சு" என்றேன். அவனும் "சரிண்ணே" என்றான். என் மனைவி ஜினிஷா அம்மாவின் துணியை மடித்துப் பையில் வைத்து, தலை வாரிவிட்டு, நெற்றியில் முத்தமிட்டு, "சுபின் வீட்டுல போய் நல்லா இருந்துட்டு வாங்க" என்று வழியனுப்பினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை விட்டுவிடுங்கள்.

காரில் முன்னால் உட்கார வைத்தேன். அம்மாவுக்குக் காரில் போவது பிடிக்கும். வெள்ளமடம் தாண்டியதும் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்க மக்கா போறோம்?"

"சுபினுக்க வீட்டுக்கு."

"சுபின் ஆரு?"

"ஒங்க மகன்."

"அப்ப நீ ஆரு?"

"ஆன்ஸ்லின்."

"நல்ல பேரு" என்றாள். "அம்மை இருக்காளா ஒனக்கு?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அந்தச் சாலையில் பஸ்காரர்கள் கண்மண் தெரியாமல் வருவார்கள்.

நல்ல வீடு, மேடம். குறை சொல்ல முடியாது. கட்டில் மெத்தை இருந்தது. ஒரு பொட்டலம் பன், ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம், தண்ணீர் பாட்டில்கள், அவளுடைய வேதப்புத்தகம், கண்ணாடி எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மூன்று நாளைக்குத் தாராளமாகப் போதும். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்கிறவன், அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன், பழைய ஒயரிங் என்பதால். வெளியே வந்து பூட்டினேன்.

படி இறங்குவதற்குள் மூன்று தட்டு.

அவள் கூப்பிடவில்லை, அழவில்லை. தட்டிவிட்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாகத் தோன்றியது. நான் "வா" சொன்னால்தான் அவள் கைப்பிடியைத் தொடுவாள். சொன்னாலும் திறக்காது, பூட்டியாயிற்றே. வயலில் கொக்கு நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு காரை எடுத்தேன். இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் கியர் விழுந்தது.

இல்லை, விட்டுவிட்டுப் போய்விடவில்லை. அப்படி எழுதாதீர்கள். நான் மதிய சாப்பாட்டு வேளைகளில் போனேன். தினமும் இல்லை, முடிந்தபோது. வாசலில் நின்று கவனிப்பேன். செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும் போலிருக்கிறது. உடனே தட்டு விழும். மூன்று தட்டு, பிறகு அந்த அமைதி. அந்த அமைதியில் அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள், "உள்ள ஆராவது இருக்கியளா?" என்று கேட்டாள். உள்ளே இருப்பது தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தான் வெளியே நிற்பதாகவும் நாங்களெல்லாம் உள்ளே இருப்பதாகவும் நினைத்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் போனபோது தட்டு கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. தரைக்குப் பக்கத்திலிருந்து. இரண்டுதான் வந்தது. மூன்றாவதற்காக நான் காத்து நின்றேன்.

அதற்கு அடுத்தமுறை ஒன்றும் வரவில்லை.

இனிப் பயம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் உண்மையான பயம் வந்தது. இத்தனை காலமும் அவள் தட்டிவிட்டுத்தான் வந்தாள். இனிமேல் தட்டாமலே வரலாம் இல்லையா? அதிலிருந்து நான் எங்கேயும் மூடிய கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. ஜினிஷாவிடம் குளியலறைக் கதவைக்கூடச் சாத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். நீங்கள் இந்தக் கதவைத் திறந்து வைத்ததற்கு நன்றி. காற்றுக்காக என்று சொன்னேன், அது முழுதும் உண்மையில்லை.

எப்படி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதில்தான் என் பிழை இருக்கிறது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வருஷம் முழுக்க வராதவர்களும் அன்றைக்கு வருவார்கள். ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த தேங்காய், கோழி, பலாச்சக்கை, வாழைக்குலை எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கம். நான் ஒரு தட்டு முட்டையை ஏலத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மட்டிக்குலை ஏலத்துக்கு வந்தது. இந்தக் கோடியிலிருந்து சுபின் கேட்டான். அந்தக் கோடியிலிருந்து சிஜின் கூட்டிக் கேட்டான். இவன் கூட்ட அவன் கூட்ட, கல்லறைக் கல் தகராறு மறுபடி தொடங்கிவிட்டது என்று ஜனங்கள் ரசிக்க ஆரம்பித்தார்கள்.

திடீரென்று சுபின் கையை இறக்கிவிட்டான். சிஜினைப் பார்த்து, அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக, "நீயே எடுல. அம்மைக்கு மட்டி உயிரு. கொண்டு குடு" என்றான்.

சிஜினுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் பேசிவிட்டானே என்றுதான். "நான் எதுக்கு? அம்மை ஒனக்க வீட்டுலல்லா இருக்கா. நீ எடுத்துட்டு போண்ணே" என்றான்.

"எனக்க வீட்டுலயா?"

ஏலம் விடுகிறவர் ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார், பிறகு அவரும் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். சின்ன வயதில் ஏதாவது உடைந்தால் அம்மா வருவதற்கு முன் என்னைத்தான் அப்படிப் பார்ப்பார்கள். மடியில் இருந்த முட்டைத் தட்டை விழாமல் பக்கத்துப் பெஞ்சில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து சுபினிடம் கொடுத்தேன். வழியையும் சொன்னேன்.

என் படத்தில் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவேதான் கோடு போட்டிருந்தேன். மகனுக்கும் மகனுக்கும் நடுவே போடவில்லை. அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது ஊரறிந்த விதி. எல்லோரிடமும் கேட்கிற அந்த ஒரு சொல்லை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. என்றைக்காவது?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தது நான். பூட்டியது நான். மற்ற யாருக்கும் இதில் பங்கில்லை, குமாரதாஸுக்கும் இல்லை. பசியிலும் தாகத்திலும்தான் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். நான் மறுக்கவில்லை. அவளை நான் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அதையும் எழுதுங்கள். என் மாதங்களில் அவளுக்கு ஒருவேளைச் சாப்பாடு தப்பியதில்லை, மருந்து தப்பியதில்லை. ஜினிஷா சொல்லுவாள். தம்பிமார் இரண்டு பேரும் என்னை இனி அண்ணன் என்று கூப்பிட மாட்டார்களாம். அவர்களுக்குள் இப்போது பேச்சு வார்த்தை இருக்கிறதே, அதுவரை நல்லது.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வாசல்வரை போனவன், அவள் தட்டியதைக் காதால் கேட்டவன், ஒருமுறையாவது கதவைத் திறந்திருக்கலாமே என்றுதானே கேட்டீர்கள். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். சுபின் வீடும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், அவனாவது வந்து பார்த்திருக்கலாம். எனக்கு மட்டும் மனசு இல்லாமலா போயிற்று? ஆனால் மேடம், அது சுபினுடைய மாதம்.